குளவிக்கொட்டு தலைவிதி அல்ல

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ஹேவாஹெட்ட என்று கண்டியைச் சுற்றிய எந்தத் தோட்டத்து லயத்தில் கேட்டாலும் குளவிக்கொட்டுப் பட்டவரைக் காட்டுவார்கள். கவ்வாத்து வெட்டாமல், புல் எடுக்காமல் விட்ட மலையில் தேயிலை ஆளுயரம் வளர்ந்து கூட்டை மறைத்துவிடுகிறது. பறிக்கப் போனவரின் கை பட்ட பிறகுதான் தெரிகிறது. இதை விதி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டமாக வந்து கொட்டுபவை பெரும்பாலும் இரண்டு இனம். மலைத்தேனீ பாறையிலும் உயர்ந்த கிளையிலும் ஒற்றை அடையாகத் தொங்கும். பருந்து கொத்தினால் கூட்டமாக இறங்கும். அதன் கொடுக்கு தோலில் தங்கிவிடும், உடனே எடுத்துவிட வேண்டும். மற்றது கருங்குளவி, சிங்களத்தில் தெபரா. கறுப்பு உடல், வயிற்றில் அகலமான செம்மஞ்சள் பட்டை. மரநாரை மென்று காகிதம் போன்ற கூட்டைக் கட்டும். ஒரே குளவி பலமுறை கொட்டும். தொடக்கத்தில் கூடு எலுமிச்சம்பழ அளவுதான். செடியிலோ கூரையோரத்திலோ இருக்கும். ஒரே இடத்துக்குக் குளவிகள் மாறிமாறிப் போய்வந்தால் கிட்டே போகாமல் வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். கல்லெறிவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம்.

கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத்திணறல், முகவீக்கம், தலைசுற்று, வாந்தி வந்தால் சுண்ணாம்பு தடவி நேரத்தைக் கடத்தாதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு கொட்டே உயிராபத்து. நிறையக் கொட்டுகள் பட்டவருக்குச் சிறுநீரகம் பிறகும் பழுதாகலாம். வலி குறைந்தது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சிறுநீர் கறுத்தாலோ குறைந்தாலோ உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இனி உரிமை. வேலையால், வேலைநேரத்தில் நேரும் விபத்துக்குத் தொழில்கொள்வோர் நட்டஈடு தர வேண்டும் என்கிறது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம். இறந்தவரில் தங்கியிருந்த குடும்பமும் கோரலாம். மலையில் பட்ட குளவிக்கொட்டுக்கும் இதன்கீழ் முறையிடலாம். நம்மவர் தோற்பது சாட்சி இல்லாமல்தான். அன்று வேலைக்கு வந்ததற்குச் செக்ரோல் பதிவு சாட்சி. ஆஸ்பத்திரியில் "மலையில் வேலை செய்யும்போது கொட்டியது" என்று சொல்லி எழுதவையுங்கள். நிர்வாகத்துக்கும் எழுத்தில் அறிவித்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தட்டிக்கழித்தால் தொழில் திணைக்களத்தின் கண்டி அலுவலகத்தையோ உங்கள் தொழிற்சங்கத்தையோ நாடுங்கள். வைத்தியத்துண்டை எறிந்துவிடாதீர்கள்.