வெந்நீரில் உருவாகும் பை

கையும் நூலும் – 12

சென்ற வாரம் செம்மறியின் முதுகில் தொடங்கி நூல்கண்டு வரை வந்தோம். இந்த வாரம் அந்த நூலில் ஒரு பை பின்னி, பரிசாகக் கொடுப்பதற்கு முன் அதை வெந்நீரில் போட்டுச் சுருக்கப் போகிறோம்.

கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் துவைத்தவர்களுக்கு விளைவு தெரியும். பெரியவருக்கு வாங்கியது குழந்தைக்குக்கூடப் போதாமல் விறைத்துப்போய் வெளியே வரும். வீட்டில் திட்டு வாங்கித் தரும் இந்த விபத்தைத்தான் பல தேசத்தார் கைத்தொழிலாக்கினார்கள். அப்படிச் சுருங்கித் தடித்த துணிதான் ஃபெல்ட்.

காரணம் இழையிலேயே இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் கம்பளி இழை முழுக்கச் செதில்கள். எல்லாம் நுனியைப் பார்த்தே அடுக்கப்பட்டவை. அதனால் இழை வேர்ப்பக்கமாக எளிதில் நகரும். எதிர்ப்பக்கம் போக விடாமல் செதில் தடுக்கும். வெந்நீரும் சோப்பும் இழையை ஊறவைத்து வழுக்கலாக்குகின்றன. கசக்கக் கசக்க ஒவ்வோர் இழையும் முன்னே ஊர்ந்து, பக்கத்து இழைகளுக்குள் புகுந்து சடைபிடிக்கிறது. திரும்பிவர வழியில்லை.

அப்படியானால் மழையில் நனையும் ஆடு ஏன் சுருங்குவதில்லை? அதன் உடம்பில் இழைகள் ஒரே திசையில் வளர்கின்றன. வேர்கள் தோலில் ஊன்றியிருக்கின்றன. மேலே கம்பளிக் கொழுப்பும் படிந்திருக்கிறது. கத்தரித்துக் கழுவி நூலாக்கும்போதுதான் இழைகள் தலைமாறிக் கலக்கின்றன.

பெரிதாகப் பின்னிச் சுருக்கும் முறை பழையது. துனிசியாவின் சிவப்புத் தொப்பியான ஷெஷியா இப்படித்தான் உருவாகிறது. 1609இல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்படத் தொடங்கிய முஸ்லிம் வழிவந்தோரில் துனிஸில் குடியேறியவர்கள் அங்கே இந்தத் தொழிலைத் தழைக்கச் செய்தார்கள். துனிஸை அடுத்த அரியானா ஊர்ப் பெண்கள் யார் தலைக்கும் பொருந்தாத அளவில் வெள்ளைத் தொப்பி பின்னுவார்கள். மெஜர்தா ஆற்றங்கரையின் எல் பத்தான் ஊரில் அது வெந்நீரிலும் சோப்பிலும் அடிபட்டுச் சுருங்கும். பிறகு முள்செடியின் காய்ந்த தலையால் வாரி ரோமத்தை எழுப்பி, சாயம் ஏற்றுவார்கள்.

இங்கிலாந்திலோ இத்தகைய தொப்பிக்காகச் சட்டமே வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், உயர்குடியினர் நீங்கலாக, ஞாயிறுகளிலும் பண்டிகை நாள்களிலும் உள்நாட்டுக் கம்பளித் தொப்பி அணிய வேண்டும் என்று 1571இல் முதலாம் எலிசபெத்தின் ஆட்சி உத்தரவிட்டது. மீறினால் நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம். 1597இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

தொப்பியிலிருந்து பைக்கு வருவோம். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நிட்டிங் செய்பவர்களிடையே ஃபெல்ட் பை பெரிய மோகமாக இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு இருந்த, மேலே மூடி திறக்கும் வாஷிங் மெஷினும் அதற்குக் கைகொடுத்தது. நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி, மூடியைத் திறந்து, எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம் அல்லவா?

செய்முறையில் முக்கியமானது நூல். ‘உல்லன் நூல்’ என்று நம் கடைகளில் கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் கிடைக்கும். அது நாள் முழுக்கக் கொதித்தாலும் சுருங்காது. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாக உறைந்தால் செயற்கை இழை. ‘சூப்பர்வாஷ்’ என்று அச்சிட்ட அசல் கம்பளியும் ஆகாது. குளோரினால் செதில்களை மழுக்கி, மேலே பாலிமர் பூசிய நூல் அது.

வழக்கமாக 5 மில்லிமீட்டர் ஊசியில் பின்னும் நூலை இதற்கு 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஊசியில் பின்ன வேண்டும். கண்ணிகள் தொளதொளவென்று இருந்தால்தான் இழைகள் ஊர இடம் கிடைக்கும். அடிப்பகுதியைச் சதுரமாகப் பின்னி, நான்கு ஓரங்களிலும் கண்ணி எடுத்து, வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றி மேலே ஏற வேண்டியதுதான். உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், அகலத்தில் அதைவிடக் குறைவாகவும் சுருங்கும். ஆனால் நூலுக்கு நூல் கணக்கு மாறும். எனவே முதலில் ஒரு சிறு துண்டைப் பின்னிச் சுருக்கி, அளந்து பாருங்கள்.

பிறகு பையை ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டு, பழைய ஜீன்ஸ் ஒன்றோடு வெந்நீரில் ஓட விடலாம். உறை இல்லாவிட்டால் உதிரும் பஞ்சு மெஷினின் குழாயை அடைக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். மெஷின் இல்லாதவர்களுக்கு வாளியும் ரப்பர் கையுறையும் போதும். தோள்தான் கொஞ்சம் வலிக்கும். கண்ணிகள் மறைந்ததும் நீரில் அலசி, துண்டில் அழுத்தி ஈரம் எடுத்து, பாலிதீனில் சுற்றிய அட்டைப்பெட்டியில் மாட்டிக் காயவிடுங்கள். மெஷினில் பிழிந்தால் மடிப்பு நிரந்தரமாகிவிடும்.

நிட்டிங் பழகும் கைக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை. வாங்கிக்கொள்பவரின் தோள் அளவும் மார்பளவும் கேட்க வேண்டியதில்லை. ஒரு கண்ணி இறுகி ஒரு கண்ணி தளர்ந்திருந்தாலும் வெந்நீர் அத்தனையையும் மறைத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மற்ற பின்னல் வேலைகளில் பிடிக்காவிட்டால் உருவிப் பிரித்து, அதே நூலில் மறுபடி தொடங்கலாம். இதில் அது நடக்காது. பிரியாத துணி என்பதால்தான் கத்தரியால் வெட்டிக் கைப்பிடித் துளை போட்டாலும் ஓரம் உதிர்வதில்லை. முடிவெடுக்க வேண்டியதை எல்லாம் நனைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பரிசோடு ஒரு சீட்டும் வையுங்கள்: “அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், மெஷினில் போட்டால் பர்ஸ் ஆகிவிடும்.”

அடுத்த வாரம் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள். அங்கே பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டின் தாளத்துக்குக் கம்பளியை அடித்துச் சுருக்கினார்கள். சோப்புக்குப் பதில் அவர்கள் பயன்படுத்தியது பழைய சிறுநீர்!

(தொடரும்)