மின்னஞ்சலும் அழையா விருந்தாளிகளும்

சில மாதங்களுக்கு முன், வழக்கமான ஆய்வின் பொருட்டு ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குச் சென்றிருந்தேன். கடிதப் போக்குவரத்துப் பதிவேட்டைப் புரட்டுகையில், நான்கு நாட்களாக ஒரு பதிவும் இல்லாதது கண்டு காரணம் வினவினேன். குமாஸ்தா தயக்கத்துடன் கணினியைக் காட்டினார். “மின்னஞ்சலைத் திறந்தாலே வைரஸ் வந்துவிட்டது என்று பெட்டி பெட்டியாக மேலே விழுகிறது, சார். தொட்டால் கெட்டுவிடும் என்று அப்படியே விட்டுவிட்டோம்” என்றார். மேஜையின் மீது ஒரு சீட்டு இருந்தது. அந்தப் பெட்டியிற் கண்ட தொலைபேசி எண்ணை அதில் குறித்து வைத்திருந்தார். காரியதரிசி வந்ததும் அந்த எண்ணுக்குப் பேசி உதவி கேட்பதாக இருந்தனர்.

நல்ல வேளையாக எவரும் பேசவில்லை. எனினும் நஷ்டம் நேராமற் போகவில்லை. படிக்கப்படாமற் கிடந்த அஞ்சல்களிடையே, துண்டுகள் கொள்முதல் செய்வது பற்றிய விசாரணைக் கடிதம் ஒன்று இருந்தது. விலைப்புள்ளி அனுப்புவதற்குரிய கடைசி நாள் முந்திய தினமே கழிந்துவிட்டது.

சங்கத்தார் செய்த பிழை ஒன்றே. அஞ்சலின் மீது தோன்றியதை அஞ்சலிலிருந்தே வந்ததாகக் கருதிவிட்டனர். பாப்-அப் எனப்படும் இத்தகைய சாளரங்கள் பெரும்பாலும் அஞ்சலிலிருந்து வருவதில்லை. வேறொரு வாசல் வழியே நுழைந்து, நாம் அஞ்சல் படிக்கும் வேளையில் முகங்காட்டுகின்றன. எந்த வாசல் என்று கண்டு அதை அடைப்பதே பரிகாரமாகும்.

பாப்-அப் பிறந்த கதை

உலாவியிலேயே அஞ்சல் படிக்கும் வழக்கத்தைப் பரப்பியவற்றுள் முக்கியமானது ஹாட்மெயில். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 ஆம் நாள் அதனைத் தொடங்கினர். ஏறத்தாழ அதே காலத்தில்தான் பாப்-அப் விளம்பரமும் தோன்றியது. டிரைபாட் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய ஈதன் ஸக்கர்மன் அதற்கான நிரலை எழுதினார். தகாத விஷயங்கள் கொண்ட பக்கத்தில் தமது விளம்பரம் இடம்பெற்றது கண்டு ஒரு மோட்டார் நிறுவனத்தார் மனம் கசந்தனர். விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறந்துவிட்டால் அப்பக்கத்துடன் தொடர்பு தோன்றாது என்பதே அவரது நோக்கம். அதன் விளைவுகளுக்காக அவர் 2014 ஆம் ஆண்டு அட்லாண்டிக் பத்திரிகையில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

கேளாமல் திறக்கும் சாளரங்களைத் தடுக்கும் ஏற்பாடு, 2004 ஆம் ஆண்டு விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பின் மூலம் இண்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியிலும் சேர்ந்தது. இன்றைய உலாவிகள் யாவும் இதைச் செய்கின்றன. அவ்வாறாயின் தொல்லை ஏன் ஓயவில்லை? முன்னர் சுவரேறிக் குதித்தவை இப்போது வாசலில் நின்று அனுமதி கேட்கின்றன. நாமும் படித்துப் பாராமல் கொடுத்துவிடுகிறோம்.

மூன்று வாசல்கள்

முதலாவது, அறிவிப்பு. செய்தி வந்தால் தெரிவிக்கும் பொருட்டு ஏற்பட்ட இவ்வசதி 2015 இல் குரோம் உலாவியில் வந்தது. இதை ஏமாற்றுவோர் கைக்கொண்டனர். “நீங்கள் இயந்திரமல்ல என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துக” என ஒரு பக்கம் கூறும். அழுத்தினால், அப்பக்கத்தை மூடிய பின்னரும் அத்தளம் விளம்பரங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, எக்ஸ்டென்ஷன் எனப்படும் நீட்டிப்புகள். இவை உலாவியுடன் இணையும் சிறு நிரல்கள். எல்லாத் தளங்களிலும் உள்ளவற்றைப் படிக்கவும் மாற்றவும் உரிமை பெற்ற நீட்டிப்பு, நமது அஞ்சலையும் படிக்க வல்லது. ஆகவே இது வெறும் தொல்லையன்று, அபாயமாகும்.

மூன்றாவது, இலவச மென்பொருள்களுடன் ஒட்டிக்கொண்டு கணினியிற் குடியேறும் விளம்பர நிரல்கள்.

சோதிக்கும் முறை

1. பெட்டி தோன்றும் இடத்தைக் கவனியுங்கள். உலாவிப் பக்கத்திற்கு வெளியே, திரையின் மூலையில் தோன்றினால் அது பெரும்பாலும் அறிவிப்பே. அனுப்பிய தளத்தின் முகவரி அதிலேயே சிறிய எழுத்தில் காணப்படும். குரோம் உலாவியில் அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்ற வரிசையிற் சென்று, அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் நீங்கள் அறியாதவற்றை நீக்குங்கள்.

2. புதிய சாளரமாகவோ, அஞ்சல் பக்கத்தின் உள்ளேயோ தோன்றினால், மறைநிலைச் சாளரத்தில் அஞ்சலைத் திறந்து பாருங்கள். நாம் தனியே அனுமதித்தாலன்றி நீட்டிப்புகள் அங்கே இயங்குவதில்லை. ஆகவே அங்கே தொல்லை இல்லையெனில் குற்றம் ஒரு நீட்டிப்பினுடையது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கினால் குற்றவாளி அகப்படும். அதை நீக்கிய பின் அஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுதல் வேண்டும்.

3. மறைநிலைச் சாளரத்திலும், வேறோர் உலாவியிலும் அவ்வாறே தொடர்ந்தால் கணினியில் நிறுவியுள்ள மென்பொருள்களைப் பாருங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்தவற்றுள் தேவையற்றதை நீக்கி, விண்டோஸ் உடன் வரும் பாதுகாப்பு நிரலால் முழுச் சோதனை செய்யுங்கள்.

4. குறிப்பிட்ட ஒரு கடிதத்திலுள்ள இணைப்பைத் தொட்டால் மட்டும் சாளரம் திறக்குமாயின், அக்கடிதமே ஐயத்திற்குரியது. அங்கே மறுபடி கடவுச்சொல் கேட்டால் கொடாதீர்கள்.

ஒரு கணினியில் நீக்கிய நீட்டிப்பு மீண்டும் முளைத்தால் திகைக்க வேண்டாம். ஒரே கணக்கில் இரண்டு கணினிகளின் உலாவிகள் ஒத்திசைக்கப்பட்டிருந்தால், நீட்டிப்பும் கூடவே பயணம் செய்யும். இரண்டிலும் பார்த்தல் அவசியம்.

திரை முழுவதையும் மறைத்து, அபாய ஒலி எழுப்பி, “உடனே இந்த எண்ணுக்குப் பேசுக” என்று மிரட்டும் பக்கமும் உண்டு. ஒரு வலைப்பக்கம் நமது கணினியைச் சோதித்து வைரஸ் கண்டுபிடிக்க இயலாது. மைக்ரோசாப்ட் தரும் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது. அந்த எண்ணுக்குப் பேசினால், கணினியைத் தொலைவிலிருந்து இயக்க இடம் கேட்பார்கள். பிறகு வங்கிக் கணக்கிற் கை வைப்பார்கள். ஆகவே எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடித்து, பக்கத்தை மூடுங்கள். மூட முடியாவிடில், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தி, தோன்றும் பட்டியலில் உலாவியை நிறுத்துங்கள். மீண்டும் திறக்கையில் பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். பணம் பறிபோயிருந்தால் ஒரு கணமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிடுதல் வேண்டும்.

இன்னொன்றும் கூற வேண்டும். சாளரங்கள் யாவும் தீயவை அல்ல. வங்கித் தளத்தின் இரசீதும், அஞ்சலை அச்சிடும் பக்கமும் தனிச் சாளரத்தில் வரக்கூடும். அத்தகைய தளத்தை மட்டும் பெயர் குறித்து அனுமதிக்கலாம். அதன் பொருட்டுத் தடுப்பு முழுவதையும் அகற்றிவிடுதல் தவறு.

நான் சென்றிருந்த சங்கத்தில் முதற் சோதனையிலேயே விடை கிடைத்தது. பெட்டிகள் திரையின் மூலையிலேயே தோன்றின. கோப்புகளை மாற்றித் தருவதாகக் கூறிய ஏதோ ஒரு தளத்திற்குக் குமாஸ்தா என்றோ அனுமதி அழுத்தியிருந்தார். அதை நீக்க இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிட வேலை தெரியாமையால் நான்கு நாட்களும், ஒரு கொள்முதல் வாய்ப்பும் போயின. தறிகள் காத்திருந்தன, கேட்டு வந்த கடிதமோ பெட்டியிற் கிடந்தது.

சீட்டைக் குமாஸ்தா தாமே கிழித்தெறிந்தார். அவ்விடத்தில் இப்போது வேறொரு காகிதம் ஒட்டப்பட்டுள்ளது. “படித்துப் பாராமல் அனுமதி அழுத்தாதே, பெட்டியிற் கண்ட எண்ணுக்குப் பேசாதே” என்பது அதன் வாசகம். ஒவ்வொரு சங்கத்தின் கணினி அருகிலும் இவ்விரு வரிகள் இருத்தல் நலம்.