கூம்புக் கருவிழியும் தொடுவில்லையும்: உலர்ந்த கண்ணைப் பேணும் முறை

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, விளவங்கோடு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இத்தாலுகாவின் பாறசாலை முதலிய எல்லைச் சிற்றூர்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. கண் நோய் கண்டவர்கள் திருவனந்தபுரத்திற்குச் செல்கின்றனர். ஆனால் மருந்துப் புட்டியின் மீதும் வில்லைப் பெட்டியின் மீதும் அச்சிட்டுள்ள குறிப்புகளைத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் அறிந்துகொள்வது அரிது. கூம்புக் கருவிழி நோய்க்காகத் தொடுவில்லை, அதாவது காண்டாக்ட் லென்ஸ், அணிவோரிடம் இவ்வறியாமை பார்வைக்கே கேடு விளைவிக்கக்கூடும்.

கண்ணின் முன்புறத்தே கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் படலம் ஒன்று உண்டு. நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. சிலருக்குப் பெரும்பாலும் பதின்பருவத்தில் அது மெலிந்து கூம்புபோல் முன்னே புடைக்கிறது. இதுவே கெரட்டோகோனஸ் எனப்படுவது. லிவர்ப்பூல் மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் 1854-இல் இந்நோயை விரிவாக எழுதினார். சூரிச் நகரில் அடால்ஃப் ஃபிக் 1888-இல் இதற்குக் கண்ணாடியாலாகிய தொடுவில்லையைப் பயன்படுத்தினார். நோய் முற்றினால் மூக்குக்கண்ணாடி போதாது. கடினமான தொடுவில்லையை அணிந்தால், அதற்கும் படலத்திற்கும் இடையே தேங்கும் நீர் மேடுபள்ளங்களை நிரப்ப, பார்வை தெளிவாகிறது.

எனினும் பலருக்கு வில்லை அணிந்த சில மணி நேரத்திலேயே கண் வறண்டு, உறுத்திக் கூசுகிறது. இதன் காரணம் யாது? கண்ணீர் வெறும் நீரன்று. அதன் மேலே இமைச் சுரப்பிகள் தரும் எண்ணெய் ஏடு படர்ந்து, நீர் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. வில்லை இவ்வேட்டைக் கலைக்கிறது. உற்றுப் படிக்கும்போது நாம் இமைப்பதும் குறைகிறது. பேருந்தின் சன்னல் காற்று, மின்விசிறி, தறிக்கூடத்து நூல் தூசி, ரப்பர்ப் பாலில் சேர்க்கும் அம்மோனியாவின் நெடி ஆகியவை துன்பத்தை மிகுவிக்கும்.

இங்கேதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. உறுத்தும் கண்ணைக் கசக்கத் தோன்றும்; கசக்கினால் மெலிந்த படலம் மேலும் புடைக்கக்கூடும். அன்றி, வில்லையைக் கழற்றிக் கிணற்று நீரிலோ உமிழ்நீரிலோ நனைத்து மீண்டும் அணிவோரும் உண்டு. தெளிந்த நீரிலும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழ இயலும். அது படலத்தைத் தாக்கினால் நீக்குவது கடினம். பார்வையே இழக்க நேரிடலாம்.

ஆகவே கைக்கொள்ளத்தக்க முறைகள் இவை. சோப்பினால் கைகழுவி, நன்கு துடைத்து உலர்த்திய பின்னரே வில்லையைத் தொட வேண்டும். அதற்கென உள்ள கரைசலை மட்டும் நாள்தோறும் புதிதாக ஊற்ற வேண்டும். பழைய கரைசலின்மேல் ஊற்றலாகாது. கண் வறண்டால், பாதுகாப்புப் பொருள் சேராத செயற்கைக் கண்ணீரை மருத்துவர் சொற்படி இடலாம். வில்லையைக் கழற்றிய பின் வெதுவெதுப்பான துணியை மூடிய இமைகளின் மேல் சில நிமிடம் வைத்தால், சுரப்பியில் உறைந்த எண்ணெய் இளகும். அரிப்பு ஒவ்வாமையினால் ஆயின் அதற்கெனத் தனி மருத்துவம் தேவை. கடையில் தாமே வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண்ணழுத்தத்தை உயர்த்தக்கூடும். உறங்கும்போதும் ஆற்றில் குளிக்கும்போதும் வில்லை கண்ணில் இருத்தல் கூடாது.

இவ்வளவு செய்தும் உறுத்தல் தீராவிடில், வில்லையின் பொருத்தத்தை மருத்துவர் மீண்டும் நோக்க வேண்டும். கருவிழிப்படலத்தைத் தொடாமல் வெண்விழியின் மேல் அமரும் ஸ்க்ளீரல் வில்லை உண்டு. அதனுள் நிரப்பிய தூய உப்புக்கரைசல் படலத்தை நாள் முழுதும் நனைத்து வைப்பதால், வறண்ட கண்ணுடையோர் பலருக்கு அது ஏற்றதாகிறது. நோய் வளர்வதைத் தடுக்க, ரைபோஃபிளேவின் சொட்டுகளையும் புறஊதாக் கதிரையும் கொண்டு படலத்தை உறுதிப்படுத்தும் சிகிச்சை நம் நாட்டிலும் நடைபெறுகிறது. அது பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காப்பதற்கே; அதன் பின்னரும் வில்லை தேவைப்படலாம்.

கண் சிவந்து வலித்தாலும், வெளிச்சம் தாங்காவிட்டாலும், பார்வை மங்கினாலும், படலத்தில் வெண்புள்ளி தோன்றினாலும் வில்லையை உடனே கழற்றி, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கழற்றிய வில்லையையும் அதன் பெட்டியையும் உடன் கொண்டு செல்வது நலம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிக்கடி கண்ணைக் கசக்கும் மாணவரையும், ஆண்டுதோறும் கண்ணாடியை மாற்றியும் கரும்பலகை தெரியாதவரையும் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வில்லை அணியும் மாணவர் சொட்டு மருந்து இட வேண்டின், வகுப்பின் நடுவேயும் அனுமதியுங்கள். களப்பணியாளர்கள் வீடு செல்லும்போது வில்லைப் பெட்டியைக் காட்டச் சொல்லி, எந்நீரில் கழுவுகின்றனர் என வினவி, மருத்துவர் தந்த குறிப்பை அவ்வீட்டாரின் மொழியிலேயே விளக்குதல் வேண்டும். வில்லைக்கு நீர் ஆகாது, கண்ணைக் கசக்கலாகாது என்னும் இவ்விரண்டையேனும் அவர்கள் நன்குணர்ந்தால், ஓர் இளைஞரின் கல்வியும் தொழிலும் தடையின்றி நடைபெற அதுவே பேருதவியாகும்.