போதுமா, போதாதா?

கணக்குகளுள் ஒருவகை புதுமையானது. அதில் விடையைக் கேட்பதில்லை. தந்த செய்தி விடை காண்பதற்குப் போதுமா, போதாதா என்றே கேட்பர். வணிக மேலாண்மைக் கல்வி பயில விழைவோர் எழுதும் ஜிமேட் தேர்வில் இத்தகைய வினாக்கள் உண்டு. அவற்றுள்ளும், பெரிது சிறிது என ஒப்பிடும் வினாக்கள் பலரை இடறச் செய்வன.

‘க’ என்பது ஓர் எண். அது 1-ஐவிடப் பெரியதா என்பது வினா. ‘க’வின் வர்க்கம் ‘க’வைவிடப் பெரியது என்பது முதற்செய்தி. மாணவன் ஒருவன் 2-ஐ இட்டுப் பார்க்கிறான், வர்க்கம் 4. பின்னர் 3-ஐயும் 10-ஐயும் இடுகிறான். எங்கும் ‘ஆம்’ என்றே வருகிறது. செய்தி போதும் என எழுதிவிடுகிறான்.

அவன் கொண்ட மூன்றும் ஓரினத்து எண்கள். ஒரே வீட்டார் மூவரைச் சாட்சிக்கு அழைத்தது போன்றது அது. குறை எண்ணாகிய −3-ஐ இடுக. அதன் வர்க்கம் 9, செய்தி பொருந்துகிறது. ஆனால், −3 என்பது 1-ஐவிடப் பெரியதன்று. முன்னர் ‘ஆம்’, இப்போது ‘இல்லை’. ஆதலின் முதற்செய்தி போதாது. இதனைக் காட்ட முரண்பட்ட இரண்டு எண்களே அமையும்.

ஆகவே, 1-க்கு மேற்பட்டவை, 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னங்கள், குறை எண்கள் ஆகிய எல்லா இனத்தினின்றும் எண்களைக் கொள்ளல் வேண்டும். 0, 1 என்னும் இரண்டையும் மறத்தலாகாது. இடும் எண் முதலில் தந்த செய்திக்கு உடன்பட்டதாக இருத்தல் வேண்டும். ½-இன் வர்க்கம் ¼. அது ½-ஐவிடச் சிறியது. செய்திக்கே பொருந்தாத அவ்வெண் இங்குச் சான்றாகாது.

‘க’ 0-வைவிடப் பெரியது என்பது இரண்டாம் செய்தி. இதுவும் தனித்துப் போதாது; 2, ½ இரண்டும் இதற்குப் பொருந்துவன. இரண்டு செய்திகளையும் ஒருங்கே கொண்டால், இடும் எண்ணெல்லாம் ‘ஆம்’ என்கின்றன. அதனாலேயே போதும் எனத் துணியலாமா?

2-இல் தொடங்கி வர்க்கத்தின் வர்க்கமாக ஏறி, ஒவ்வொன்றோடும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என வரும். ஐந்தும் பகா எண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் பகா எண்களே என பெர்மா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் 1640-இல் கருதினார். ஆறாவது எண்ணாகிய 4,29,49,67,297 என்பது 641-ஆல் மீதியின்றி வகுபடுவதை ஆய்லர் 1732-இல் கண்டார். இலக்கணத்தில் விதிக்கு மாறானதைப் புறனடையால் தழுவிக்கொள்வோம்; கணிதத்தில் அவ்விரக்கம் இல்லை.

போதும் என்பதற்குக் காரணமே வேண்டும். ‘க’ மிகை எண் என்பதால், முதற்செய்தியின் இருபுறத்தையும் ‘க’வால் வகுத்தாலும் பெரியது பெரியதாகவே நிற்கும். குறை எண்ணால் வகுத்தாலன்றோ பெரியது சிறியதாக மாறும்! இங்ஙனம் வகுக்க, ஒருபுறம் ‘க’வும் மறுபுறம் 1-உம் எஞ்சுகின்றன, ‘க’ 1-ஐவிடப் பெரியது.