குளத்து மீன் வளர்ப்பு: குஞ்சு விடுமுன் செய்யவேண்டியவை

நாற்று நடுமுன் நிலத்தை உழுது எருவிடவேண்டும் என்பதை அறியாத விவசாயி இல்லை. அவரே தமது குளத்தில் மீன்குஞ்சு விடும்பொழுது, ஜலம் இருந்தாற் போதும் என்று எண்ணிவிடுகிறார். விட்ட குஞ்சுகளிற் பெரும்பாலானவை வலைக்கு வராமற் போவதற்கு இவ்வெண்ணமே முக்கிய காரணமாகும்.

பழைய குளத்தின் சேற்றில் விரால், வாளை முதலிய இரைகொல்லி மீன்கள் தங்கியிருக்கும். விரல் நீளக் குஞ்சுகள் அவற்றிற்கு நல்ல விருந்து. கோடையில் குளத்தை வற்றவிட்டு, அடிமண் வெடிக்கும்வரை காயவிடுதல் உத்தமம். வற்றாத குளமாயின், ஒரு மீட்டர் ஆழமுள்ள ஜலத்திற்கு ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துத் தெளிக்கலாம். அதிலுள்ள சபோனின் என்னும் பொருள் மீன்களைக் கொல்லும். சுமார் மூன்று வாரத்தில் அந்த நஞ்சு தணிந்து, புண்ணாக்கு எருவாகிவிடும். செலவுக்கு அஞ்சிப் பூச்சிமருந்தைக் கொட்டுவோரும் உண்டு. அது மீனை உண்பவர்க்கும், அந்த ஜலத்தைக் குடிக்கும் மாட்டிற்கும் கேடு, ஒருபோதும் செய்யத்தகாது.

நஞ்சு தணிந்தபின் ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ சுண்ணாம்பும், ஒரு வாரம் சென்று மக்கிய சாணமும் இடவேண்டும். எருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பாசியும், அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் பெருகும். அவையே குஞ்சுகளின் முதல் ஆகாரம்.

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிருகால் அடிமட்டத்திலும் மேய்வதால், மூன்றையும் சேர்த்து விட்டால் குளத்தின் உணவு எதுவும் வீணாகாது. இவை தேங்கிய ஜலத்தில் இயல்பாக முட்டையிடுவதில்லை. முற்காலத்தில் ஆற்றில் வாரிய குஞ்சுகளோடு வேண்டாத மீன்களும் கலந்து வந்தன. 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி கெண்டை இனத்தைப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறு செலுத்தி முட்டையிடச் செய்தார். அதன் பயனாகவே இன்று பண்ணைகளில் கலப்பற்ற குஞ்சு கிடைக்கிறது. ஏக்கருக்கு 2,000 குஞ்சு அளவானது. ஆசை மிகுந்து இருமடங்கு விடுவோர் எடையில் இழப்பர். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம எடையில் கலந்து நாள்தோறும் இடலாம். ஆயினும் தீனிக் குறைவால் மடியும் மீனினும் பிராணவாயுக் குறைவால் மடிவதே அதிகம். பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து சுவாசிக்கும். ஆகவே பொழுது விடியுமுன்தான் ஜலத்தில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும். எருவை அளவின்றிக் கொட்டிய குளத்தில், இரண்டு நாள் மூடாப்பு கூடினால், ஓர் இரவிலேயே ஓராண்டு உழைப்பு மிதந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதே அறிகுறி. அன்று தீனியையும் எருவையும் நிறுத்திப் புதுஜலம் பாய்ச்சவேண்டும். வசதியில்லையேல் மூங்கிலால் ஜலத்தை அடித்துக் கலக்கவேண்டும். இந்நிலை நேராமற் காக்க எளிய சோதனை உண்டு. வெயில் நேரத்தில் கையை முழங்கை வரை ஜலத்தில் அமிழ்த்திப் பார்க்க, உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பாசி அளவாயிருக்கிறது. அதற்கு முன்பே பச்சை நிறத்தில் மறைந்தால் எரு மிஞ்சிவிட்டது. ஜலம் கலங்கிச் சேறாயிருந்தால் இச்சோதனை பலிக்காது.

பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் மீன்கள் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கு வரும். பாசனக் குளத்தில் அறுவடைக்கு முன்பே மதகு திறக்க நேரிடும். மீன்பாசி குத்தகைதாரர் ஜலத்தை நிறுத்தச் சொல்வார், ஆயக்கட்டுதாரர் விடச் சொல்வார். எவ்வளவு ஜலம் குளத்தில் நிற்கவேண்டும் என்பதைக் கிராம அதிகாரிகள் இருசாராரையும் அழைத்து, குஞ்சு விடுமுன்னரே எழுத்தில் முடிவு செய்து வைத்தல் நலம். மதகின் வாயில் குஞ்சு தப்பாத அளவு நெருங்கிய கண்ணுள்ள வலையடைப்பும் போடவேண்டும்.