தண்ணீர் ஏறவில்லையா? மோட்டாரை மாற்றும் முன் குழாயைப் பாருங்கள்

திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டுக் கிணறுகளில் பங்குனி பிறந்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கிவிடும். மேற்கே குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களிலும் இந்தப் பக்கம் வந்து சேர்வது காற்று மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகை மழைதான் இங்குள்ள கிணறுகளுக்கு உயிர். ஆகவே கோடையில் மிளகாய்க்கோ வெங்காயத்துக்கோ கடைசி இரண்டு தண்ணீர் பாய்ச்ச முடிகிறதா இல்லையா என்பதில்தான் பல குடும்பங்களின் அந்த வருட வரவு செலவே நிற்கிறது.

அப்படியொரு சித்திரை மாதத்தில் சிறு விவசாயி ஒருவரின் கிணற்றடிக்குப் போயிருந்தேன். ஒன்றரை ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தார். செடியில் பழம் பிடித்திருந்தது, இலை சுருண்டிருந்தது. "தண்ணி கிடக்கு அண்ணாச்சி, ஏறமாட்டேங்குது" என்றார். அவரிடம் இருந்தது 5 குதிரைத்திறன் மோட்டார். பழுது பார்க்க வந்தவர், "மோட்டாருக்கு இழுவை போதாது, ஏழரை போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டு நகையை அடகு வைத்து ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாரும் பம்பும் வாங்கி, பழைய மேடையிலேயே வைத்து, பழைய குழாயிலேயே இணைத்தாயிற்று. சற்று நேரம் நூல் போலக் கொட்டியது. பிறகு அதுவும் நின்றது.

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்து பார்த்தோம். பம்பின் மையத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை 24 அடி இருந்தது. சக்ஷன் பைப் என்று நாம் சொல்லும் உறிஞ்சு குழாய் இரண்டரை அங்குலம். அதில் இரண்டு எல்போ வளைவுகள். நோய் இன்னதென்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இழுப்பது பம்பு அல்ல

கமலை இறைத்த காலத்தில் காளை எவ்வளவு வலுவானதோ அவ்வளவு தண்ணீர் மேலே வந்தது. சாலும் கயிறும் எந்த ஆழத்துக்கும் இறங்கின. அந்தப் பழக்கத்தில்தான் நாம் இன்றும் மோட்டாரைக் காளையாக நினைக்கிறோம். மேட்டில் வைத்த பம்பின் சமாசாரம் வேறு. பம்பு தன் வயிற்றிலுள்ள தண்ணீரை வெளியே எறிகிறது. அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. கிணற்றுத் தண்ணீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று, அந்த வெற்றிடத்தை நோக்கித் தண்ணீரைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரம் கடல் மட்டத்தில் சுமார் 34 அடி. அதுவும் கணக்குக்குத்தான். குழாயில் உராய்வு, வளைவுகளில் இழப்பு, வெயில் காலத்துத் தண்ணீரில் உண்டாகும் ஆவி, பம்புக்குள் நுழையத் தேவையான அழுத்தம் எல்லாவற்றையும் கழித்தால் நடைமுறையில் 20 அடிக்கு மேல் நம்ப முடியாது. 15 அடிக்குள் இருந்தால் நிம்மதி.

ஏழரை என்ன, எழுபது குதிரைத்திறன் வைத்தாலும் காற்று தள்ளுகிற உயரம் கூடப் போவதில்லை. மோட்டாரின் பலம், பம்புக்கு வந்து சேர்ந்த தண்ணீரை அதற்கு மேலே ஏற்றுவதற்கு மட்டுமே. பெரிய பம்பு அதிகத் தண்ணீர் கேட்கும். அதே ஒல்லிக் குழாயில் உராய்வு இன்னும் கூடும். ஆகவே சில கிணறுகளில் பெரிய மோட்டார் வைத்த பிறகு நிலைமை முன்னைவிட மோசமாவதும் உண்டு. அப்போது பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோலச் சத்தம் கேட்கும். அது கல் அல்ல. தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைகிற சத்தம். இம்பெல்லர் என்னும் சுழல் சக்கரத்தை அது அரித்துப் பொத்தல் போட்டுவிடும்.

குழாயின் அகலத்தில் சிக்கனம் பார்ப்பதுதான் நம்மவர்கள் செய்கிற பெரிய செலவு. விநாடிக்கு 10 லிட்டர் தண்ணீர் 100 அடி நீளக் குழாயில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை அங்குலக் குழாயானால் உராய்வினால் மட்டும் உத்தேசமாக 17 அடி உயரத்துக்கு ஏற்றுகிற வேலை வீணாகும். மூன்று அங்குலமானால் 7 அடி. நான்கு அங்குலமானால் 2 அடிக்கும் குறைவு. குழாயின் உட்புறம் துருவேறியிருந்தால் இன்னும் கூடும். உறிஞ்சு குழாய் எப்போதும் வெளியேற்றும் குழாயைவிட ஒரு அளவு பெரிதாக இருப்பது நல்லது. எல்போவுக்குப் பதில் நீண்ட வளைவுள்ள பெண்டு போட வேண்டும். பம்பின் வாயை ஒட்டியே வளைவு வரக்கூடாது. கொஞ்ச தூரமாவது நேர்க்குழாய் வேண்டும். பெரிய குழாயைப் பம்பின் வாய்க்கு ஒடுக்கும்போது ஒரு பக்கம் தட்டையான ஒடுக்கியைப் போட்டு, தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி பூட்ட வேண்டும். கிணற்றிலிருந்து பம்பை நோக்கிக் குழாய் சிறிது ஏறுமுகமாகவே வர வேண்டும். நடுவில் ஒட்டக முதுகுபோல மேடிருந்தால் அங்கே காற்று தங்கி, தண்ணீர் அடிக்கடி அறுந்துபோகும்.

புட் வால்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை மலிவு என்று வாங்கிய வால்வில் சல்லடைத் துளைகள் போதாமல் இருக்கும். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் பரப்பைப்போல் இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும். ஐ.எஸ். 10805 என்ற தர எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கலாம். வால்வு தண்ணீருக்குள் இரண்டு மூன்று அடியாவது முங்கியிருக்க வேண்டும். அடிச்சேற்றிலிருந்து ஓரிரு அடி உயர்ந்தும் இருக்க வேண்டும்.

வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றிக் காற்றெடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்றைக்கு அது பலிக்கும். மறுநாள் சாணியின் நாரும் மணலும் இம்பெல்லரில் சிக்கியிருக்கும். இருபது நாள் சாணி கரைக்கும் நேரத்தில், ஒரு நாள் குழாயைத் தூக்கித் தேய்ந்த தோலையோ ரப்பரையோ மாற்றிவிடலாம்.

ஒழுகுவது வால்வா, குழாய் மூட்டா என்று சந்தேகம் வந்தால், பம்பு ஓடும்போது ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். காற்று புகும் இடத்தில் நுரை உள்ளே இழுபடும். கொட்டுகிற தண்ணீர் பால்போல வெளுத்து வந்தாலும் உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது என்றே பொருள்.

நம் விவசாயி பத்து அடி கீழே, பாறை விளிம்பில் ஒரு மேடை கட்டினார். பழைய ஐந்து குதிரைத்திறன் செட்டையே அதில் இறக்கினார். உறிஞ்சு குழாய் நான்கு அங்குலம், வெளியேற்றும் குழாய் மூன்று அங்குலம் என்று மாற்றினார். வாய்க்காலுக்கு மேல் ஆறடி உயரத்தில் தூக்கிக் கட்டியிருந்த குழாய் முனையையும் இறக்கினோம். உயரத்திலிருந்து கொட்டுவது பார்க்க அழகுதான். அந்த ஆறடியையும் மோட்டார்தான் சுமக்கிறது. 200 லிட்டர் பீப்பாய் 21 விநாடியில் நிறைந்தது. இந்தப் பீப்பாய்க் கணக்கை யாரும் செய்து பார்க்கலாம். 20 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 10 லிட்டர். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிற்கச் சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர் வேண்டும். அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மாதம் ஒரு முறை அளந்து சுவரில் எழுதி வைத்தால், கிணறு குறைகிறதா பம்பு தேய்கிறதா என்பது தானே தெரியும்.

புதிதாக வாங்கிய ஏழரை மோட்டார்? அது சாக்கு மூடி மாட்டுத் தொழுவத்தில் இருக்கிறது. வாங்கிய விலையில் பாதிக்குக் கேட்கிறார்களாம்.

கரிசலில் மேடை

நிலத்தின் மேல் செட்டு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் கைநுழைய வெடிக்கும். அதன் மேல் அப்படியே கட்டிய மேடை ஒரே வருடத்தில் சாயும். மேடை சாய்ந்தால் பம்பும் மோட்டாரும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. பேரிங் தேயும், குழாய் மூட்டு விரியும். கரிசலை வெட்டியெடுத்து, சுக்கான் அல்லது கெட்டித் தரை தட்டும் வரை போய், மணலிட்டு நனைத்துக் கெட்டித்து, அதன் மேல் 1:2:4 கான்கிரீட் போட வேண்டும். ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் விட்டு ஆறவைத்த பிறகே போல்ட்டுகளை முறுக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். குழாயின் பாரம் பம்பின் மேல் விழாதபடி தனித் தாங்கி கொடுக்க வேண்டும். குழாயை வலுவாக இழுத்துப் பம்போடு பூட்டினால், அன்றே விரிசலுக்கு வித்திட்டதாகும்.

கிளாண்டில் சொட்டுவதைப் பார்த்துப் பதறி நட்டை முறுக்குகிறவர்கள் அநேகர். நிமிஷத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழத்தான் வேண்டும். அந்த ஈரம்தான் தண்டைக் குளிர்விக்கிறது. முழுக்க அடைத்தால் கயிறு கருகித் தண்டும் தேயும். பேரிங்கில் கிரீஸ் பாதி அளவு போதும், திணித்தால் சூடாகும்.

மின்சாரக் கோளாறு

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கிய பிறகுதான் நெல்லைச் சீமையில் மின்சாரம் பரவ வழி பிறந்தது. அதற்கு முன்பே, 1937இல், கோவையில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் தமிழகத்தில் பம்பு செட் மின்சாரம் இலவசமாயிற்று. பெரிய உதவிதான். ஆனால் கோளாறான செட்டு குடிக்கிற மின்சாரம் பில்லில் தெரியாமல் போனதும் அன்று முதல்தான். நமக்கு நஷ்டம் வேறு வழியில் வருகிறது. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் கிடைக்க வேண்டிய தண்ணீர் பாதியாகிறது. காயில் எரிந்தால் கட்டுகிற கூலி முழுவதும் நம் பையிலிருந்துதான்.

காயில் எரிவதற்கு முக்கியக் காரணம் மூன்று முனைகளில் ஒன்று அறுந்தும் மோட்டார் ஓடுவது. ஸ்டார்ட்டரில் ஒற்றை முனைத் தடுப்பான் பொருத்தினால் அது காப்பாற்றும். ஓவர்லோடு ரிலேயை மோட்டாரின் பெயர்ப் பலகையில் உள்ள ஆம்பியருக்கு வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்று திருகிக் கூட்டிவிடக் கூடாது. பியூஸில் மொத்தக் கம்பி சுற்றுவதும், இருமுனை மின்சாரத்தில் கண்டென்சர் போட்டு ஓட்டுவதும் மோட்டாருக்கு வைக்கிற தீ. மின்மாற்றியிலோ கம்பியிலோ வேலை நடந்த மறுநாள் தண்ணீர் குறைந்தால், மோட்டார் எதிர்ப்புறம் சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிராகச் சுற்றினாலும் இந்த வகைப் பம்பு கொஞ்சம் தண்ணீர் கொடுக்கும். அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை. மின்னாளைக் கொண்டு இரண்டு முனைகளை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும். எர்த் கம்பி இல்லாத செட்டை ஈரக் கையால் தொடவே தொடாதீர்கள்.

மின் இணைப்பு கிடைக்காதவர்கள் டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது உயிருக்கே ஆபத்து. பெட்ரோலில் ஓடும் சிறு எஞ்சின் இன்னும் மோசம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் விழுவார். எஞ்சினை மேலே வைத்தே ஓட்ட வேண்டும். மேலிருந்து உறிஞ்ச முடியாத ஆழமானால் அது அந்தக் கிணற்றுக்கு ஏற்ற செட்டு அல்ல. விழுந்தவரைத் தூக்கக் கயிறும் வெளிக்காற்றும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

தண்ணீருக்குள்ளேயே முங்கி நிற்கும் சப்மெர்சிபிள் பம்புக்கு உறிஞ்சு உயரத்தின் தொல்லை இல்லை. ஆனால் தண்ணீரின்றி ஓடினால் சீக்கிரமே கெட்டுவிடும். நீர் நிரப்பும் வகை மோட்டாரானால் இறக்கும் முன் சுத்தமான தண்ணீர் நிரப்பியாயிற்றா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பழைய மோட்டாரை மாற்றச் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுத்து வருகிறது. நிபந்தனைகள் அவ்வப்போது மாறும். ஆகவே வாங்குவதற்கு முன்பே அத்துறை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். வாங்கிய பிறகு போனால் பயன் இராது. கிணற்று ஆழம், கோடை நீர்மட்டம், வாய்க்கால் உயரம், குழாயின் நீளம் ஆகிய நான்கையும் எழுதிக் கொண்டுபோனால் எத்தனை குதிரைத்திறன் என்பதை அங்கேயே கணக்கிட்டுச் சொல்வார்கள்.

மேடையைக் கீழே இறக்கியதில் ஒரு சங்கடம் உண்டு. ஐப்பசியில் ஊற்று ஏறும்போது செட்டு தண்ணீரில் முங்கிவிடும். நம் விவசாயி புரட்டாசிக் கடைசியிலேயே அதை மேல் மேடைக்கு ஏற்ற, சங்கிலிக் கப்பியும் மூன்று கால் மரமும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.