கையால் ஓடும் ஸ்கிரிப்ட், இரவில் எங்கே போகிறது?

தானா ராத்தாவில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து எடைக் கணக்கு மென்பொருள் அடிக்கடி உறைந்துவிடுகிறது. அதை இரவில் மூடித் திறக்க ஒரு ஸ்கிரிப்ட். கையால் இயக்கினால் ஓடுகிறது. டாஸ்க் ஷெட்யூலரிடம் விட்டால், காலையில் திரை வெறுமை.

பல நேரம் மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பயனர் உள்நுழையாதபோதும் இயங்கும்படி அமைத்த பணியை விண்டோஸ் அமர்வு 0-இல் (Session 0) தொடங்குகிறது. 2007-இல் கடைக்கு வந்த விஸ்டா முதல், பாதுகாப்புக்காக அந்த அமர்வு நம் திரையிலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. டாஸ்க் மேனேஜரில் அந்த மென்பொருளின் அமர்வு எண்ணைப் பாருங்கள். 0 என்றால் காரணம் இதுவே. உள்நுழைந்திருக்கும்போது மட்டும் இயங்கும்படி மாற்றினால் ஜன்னல் தெரியும்.

அப்போதும் ஓடாவிட்டால், தொடங்கும் கோப்புறையைக் கவனியுங்கள். அதைக் காலியாக விட்டால் ஸ்கிரிப்ட் சிஸ்டம்32-இல் நின்று உங்கள் கோப்புகளைத் தேடும். முழுப் பாதையை எழுதிவிடுங்கள்.